சேத்தராவின் மீன்சாறு

இத்தாலிய உணவு என்றதும் தக்காளியும் பாற்கட்டியுமே நினைவுக்கு வரும். அந்நினைவோடு அந்நாட்டின் கடற்கரைக்குச் செல்வோர் வியப்படையாமலிரார். சலேர்னோ நகரிலிருந்து மலையோரப் பாதை வழியே மேற்கு நோக்கிச் செல்லும் பஸ்ஸில் சிறிது தூரம் சென்றால் சேத்தரா என்னும் மீன்பிடிக் கிராமம் வரும். பிரயாணிகள் பெரும்பாலும் அங்கே தங்காது, பேர்போன அமால்பிக்கு விரைந்துவிடுகின்றனர். நாம் இறங்கினோம். காரணம் வேறொன்றுமில்லை, பசிதான்!

எம்முன் வைக்கப்பட்டது ஸ்பகெட்டி. இடியப்ப இழையிலும் தடித்தது. ஒலிவ எண்ணெய், உள்ளி, சிறிது செத்தல் மிளகாய், நறுக்கிய பார்சிலி இலை, இவ்வளவே கண்ணுக்குத் தெரிந்தன. பாற்கட்டி இல்லை, மீனுணவோடு அதைக் கேட்பது அங்கே அழகன்று. மீன்துண்டு ஒன்றேனும் இல்லாதிருந்தும் நாவிலே கடலின் சுவை நிறைந்திருந்தது. 'கொலத்தூரா' என்னும் செம்பொன் நிறச் சாறு செய்த விந்தை அது. உப்பின் வேலையையும் அதுவே செய்வதால் ஸ்பகெட்டி அவிக்கும் நீரில் உப்பு இடுவதில்லை.

அதனை ஆக்கும் முறையைக் கேளுங்கள். மார்ச் மாதக் கடைசி முதல் ஜூலை வரை சலேர்னோ வளைகுடாவில் பிடிபடும் நெத்தலியின் தலையையும் குடலையும் கையாலேயே நீக்குவர். பின்னர் சிறு மரப்பீப்பாவில் மீன் ஓர் அடுக்கு, உப்பு ஓர் அடுக்காக நிரப்பி, மேலே பலகையிட்டுப் பாரம் ஏற்றுவர். மீனிலிருந்து ஊறும் நீரைத் தனியே எடுத்துவைத்து, பல மாதங்கள் சென்றபின் மீண்டும் அப்பீப்பாவில் வார்ப்பர். அடுக்குகளினூடே இறங்கி, அடியிலிட்ட துளை வழியே அது துளித்துளியாக வடியும். நத்தாருக்கு முந்திய இரவு, இறைச்சி விலக்கிய விருந்துக்குப் புதுச்சாறு ஆயத்தமாகிவிடும்.

பண்டை ரோமர் விரும்பிய 'காரும்' என்னும் மீன்சாற்றின் வழித்தோன்றல் இது என்பர். காரும் மீன்குடலையும் சேர்த்துப் புளிக்க வைத்தது; ஆதலால், இதனை அதன் பிள்ளை என்பதிலும் தூரத்து உறவு என்பதே பொருந்தும் என்பது எம் எண்ணம். அக்காரும் நிறைத்துவந்த சாடிகளின் துண்டுகள் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டிலும் அகப்பட்டன என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்க.

குறுகிய பருவத்து மீனைக் குளிர்காலம்வரை காக்க எளிய குடும்பங்கள் கண்ட உபாயம் இது. இன்று சிறு போத்தல்களில் நல்ல விலைக்குப் போகிறது. 2020 இல் ஐரோப்பிய ஒன்றியம் இதன் பிறப்பிடப் பெயருக்குப் பாதுகாப்பு அளித்தது. எங்கோ பிடித்த மீனில் வடித்த சாற்றை இனிச் சேத்தராவின் பெயரால் விற்றல் ஆகாது. விலை உயர்ந்துவிட்டதே என்று குறைகூற எமக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு நெத்தலியாகக் கிள்ளித் துப்புரவாக்கும் கைகளுக்கு அவ்விலையில் ஒரு பங்கேனும் சேரவேண்டுமல்லவா?

வாங்கி வருவோர் அதனை அடுப்பிலிட்டுக் காய்ச்சிவிடாதிருப்பாராக. ஸ்பகெட்டியை இறக்கிய பின்னரே, ஆளுக்கொரு தேக்கரண்டி அளவில் விட்டுப் பிரட்டுதல் வேண்டும்.