உறைந்த மண்ணும் ஊறிய சேறும்



சென்ற திங்கள் தாராவியில் உறவினர் இல்லத்துத் திருமண விழாவிற்குச் சென்றிருந்தேன். பந்தியில் எனக்கு அடுத்த இலையில் அமர்ந்திருந்தவர் நெல்லைச் சீமைக்காரர், அறுபதைக் கடந்தவர், தோல் பதனிடும் தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். நான் இம்மலரில் எழுதிவருவதை அவர் அறிவார். பாயசம் வருமுன்னரே வினாவைத் தொடுத்துவிட்டார்.

“தம்பி, வடதுருவத்துப் பக்கம் மண் உருகுகிறது என்று செய்தித்தாளில் எழுதுகிறார்களே, பனிக்கட்டி உருகும், அது தெரியும். மண் எப்படி உருகும்? உருகினால்தான் தாராவியில் இருக்கிற எனக்கு என்ன?”

“அண்ணாச்சி, அது ஒரு பந்தியில் அடங்கும் பேச்சு அன்று; எழுதியே அனுப்பிவிடுகிறேன்” என்று அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன். அவ்வாக்கை இங்கே நிறைவேற்ற முயல்கிறேன்.

சைபீரியா, அலாஸ்கா, கனடாவின் வடபகுதி ஆகிய இடங்களில் நிலத்தின் மேற்புறம் கோடையில் ஓரிரு முழ ஆழம் இளகும். அதன் கீழுள்ள மண்ணோ ஆண்டு முழுதும் கல்லாய் உறைந்தே கிடக்கும். தொடர்ந்து ஈராண்டுக்கு மேல் உறைந்தே இருக்கும் நிலத்தை ‘நிலைத்த உறைமண்’ எனலாம். சில இடங்களில் அது பல்லாயிரம் ஆண்டுகளாக இளகாதது. ரஷ்ய நாட்டின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இத்தகைய நிலமே. அங்கு முளைத்து மடிந்த புல், பாசி, வேர், விலங்கு அனைத்தும் மக்கிப்போக வழியின்றி அம்மண்ணிலேயே சிறைப்பட்டுள்ளன.

நம் வீட்டுப் பெண்டிர் இதனை எந்தப் புத்தகமும் படியாமலே அறிவர். அரைத்த தோசைமாவைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அது நாட்கணக்கில் அப்படியே இருக்கிறது. மறந்துபோய் அடுப்படியில் வைத்துவிட்டாலோ, மும்பையின் மே மாதத்து இரவில், விடிவதற்குள் பாத்திரத்தை மீறிப் பொங்கி வழிகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவைத் தின்று வாயுவை வெளிவிடுவதே அந்தப் பொங்கல். அவ்வாயுவுள் முதன்மையானது கரியமில வாயு. வடபுலத்து உறைமண் ஒரு பெரிய குளிர்ப்பெட்டி. அதன் கதவு இப்போது மெல்லத் திறந்துகொண்டிருக்கிறது. மண் இளகியதும் உறங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் விழித்துப் பழைய வேர்களைத் தின்னத் தொடங்குகின்றன. காற்றுப் படும் இடத்தில் கரியமில வாயு பிறக்கும். நீர் தேங்கிக் காற்றுப் புகாத இடத்தில் மீதேன் என்னும் சதுப்பு வாயு பிறக்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் பின்னது, எடைக்கு எடை, முன்னதைக் காட்டிலும் 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தேக்கவல்லது.

நான் இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தர். ஆதலால் இவ்வுறைமண்ணைப் பற்றிப் படிக்கும்போது என் கண் முதலில் தேடியது அதன்மேல் செல்லும் இருப்புப்பாதையையே. 2006ஆம் ஆண்டு சூலை முதல் நாள், சீன நாட்டின் கோல்முட் நகரிலிருந்து திபெத்தின் லாசா வரை 1,142 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை திறக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உறைமண்ணின்மேல் அமைந்தது. தண்டவாளத்தின் அடியில் மண் இளகினால் பாதை அமிழும்; மீண்டும் உறைந்தால் மேலெழும்பும். இதனைத் தடுக்க அப்பொறியாளர்கள் செய்த உபாயம் மிக நுட்பமானது. பாதையின் இருபுறமும் இரும்புக் குழாய்களை நட்டனர். ஒவ்வொன்றின் உள்ளும் அம்மோனியா அடைத்து மூடப்பட்டுள்ளது. குளிர்காலத்தில், மேலுள்ள காற்றைவிட மண்ணின் அடி சற்றே வெம்மையாயிருக்கும். அவ்வெம்மையால் அடியிலுள்ள அம்மோனியா ஆவியாகி மேலே செல்கிறது. வெளிக்குளிரில் தன் வெப்பத்தை இழந்து நீர்மமாகிக் கீழே வடிகிறது. இங்ஙனம் எரிபொருளும் பொறியும் ஆளும் இன்றி மண்ணின் வெப்பம் இறைக்கப்படுகிறது. கோடையில் மேற்புறம் வெம்மையாகிவிடுவதால் இச்சுழற்சி தானே நின்றுவிடும். வெளிவெப்பம் உள்ளே இறங்குவதில்லை. பாதையோரம் வரிசையாக நிற்கும் அக்குழாய்களின் படத்தைப் பார்த்து நான் நெடுநேரம் வியந்திருந்தேன். என் மேசைத் தோழர் ஒருவர், “நம் அலுவலகத்து மின்விசிறிக்கு மாற்றாக இதை வைக்கலாகாதா?” என்றார்!

இத்தகைய காவல் எல்லா இடத்திலும் இல்லை. 2020ஆம் ஆண்டு மே மாத இறுதியில், ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரில் மின்நிலையமொன்றின் எண்ணெய்த் தொட்டி உடைந்து ஏறத்தாழ 21,000 டன் டீசல் வெளியேறியது, ஆறுகள் செந்நிறமாயின. தொட்டியைத் தாங்கிய தூண்கள் மண் இளகியதால் அமிழ்ந்தன என்று கூறப்பட்டது. நம் நாடும் இதற்குப் புறம்பன்று. 2023 அக்டோபர் 3ஆம் நாள் இரவு, சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரியின் கரையாயிருந்த உறைந்த கல்மண் மேடு சரிந்து ஏரிக்குள் விழ, ஏரி உடைந்தது. தீஸ்தா ஆற்றில் பாய்ந்த வெள்ளம் சுங்தாங்கிலிருந்த அணையை அடித்துச் சென்றது. ஊர்களும் உயிர்களும் அழிந்தன.

இனி, கணக்கைப் பார்ப்போம். வரவு செலவு எழுதியே வயிறு வளர்ப்பவன் நான். கணக்கின்றி அச்சுறுத்துவோரிடம் எனக்கு மதிப்பில்லை. வடபுலத்து உறைமண் வட்டாரத்தில் சிறைப்பட்ட கரியின் எடை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி டன் என்பர். காற்றுவெளியில் இன்றுள்ள கரியைப்போல் இது ஏறத்தாழ இருமடங்கு. இதனைக் கேட்டவுடன், நாளைக் காலையில் வெடிக்கப்போகும் வெடிகுண்டு என்று சிலர் எழுதிவிடுகின்றனர். அஃது அவ்வாறன்று. உலக வெப்பம் ஒரு பாகை ஏறுந்தோறும், 2100க்குள் இம்மண்ணிலிருந்து கரியமில வாயுவாக வெளிப்படும் கரி ஏறத்தாழ 1,800 கோடி டன் இருக்கலாம் என்பது உலக அறிஞர் குழுவின் மதிப்பீடு. அது 300 கோடியாகக் குறையவும் கூடும். 4,100 கோடியாக மிகவும் கூடும். மனிதராகிய நாம் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து ஒவ்வோர் ஆண்டும் வெளிவிடும் கரியே ஆயிரம் கோடி டன் அளவிலிருக்க, மண்மீது மட்டும் பழி போடுவது முறையாகாது.

எனினும் ஒரு வேற்றுமை உண்டு. நாம் எரிப்பதை நாமே நிறுத்தலாம்; இளகிய மண்ணைப் பார்த்து ‘நில்’ என்று யாரும் கட்டளையிட இயலாது. நாம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழப் பாதியைக் கடலும் மரஞ்செடிகளும் ஏற்றுக்கொள்கின்றன. மீதியே காற்றில் தங்குகிறது. ஆலைகள் பெருகுமுன் பத்து லட்சம் பங்குக் காற்றில் 280 பங்காக இருந்த அவ்வாயு, ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கிய 1958இல் 315 ஆகி, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. வரவு வைத்துவந்த வடபுலத்துப் புல்வெளிகள், காட்டுத்தீயையும் சேர்த்துப் பார்த்தால், செலவுப் பக்கத்திற்கு மாறிவிட்டன என்று 2024இன் இறுதியில் வெளிவந்த அமெரிக்க அரசு நிறுவனத்து அறிக்கை கூறிற்று. பேரேட்டில் ஒரு பத்தி பக்கம் மாறினால் நிலுவை எவ்வளவு புரளும் என்பதை எழுத்தர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

அண்ணாச்சியின் இரண்டாவது வினா எஞ்சியுள்ளது: நமக்கு என்ன?

சான்பாடாவில் வண்டி ஏறி வாசியைக் கடந்ததும் தாணேக் கழியின் பாலம் வரும். 1992இல் மான்குர்டிலிருந்து வாசி வரை முதல் மின்சார வண்டி ஓடிய பாதை அது. பாலத்தின் இருமருங்கும் பசுமையாய் அடர்ந்திருப்பவை கண்டல் மரங்கள். அலையாத்தி என்றும் நம்மவர் கூறுவர். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் தந்த மரமும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. நீர் வற்றிய வேளையில் அவ்விடத்து நாற்றம் தாங்காமல் பயணிகள் மூக்கைப் பொத்திக்கொள்வர். நகரத்துச் சாக்கடைக்கு அதில் பங்குண்டு. ஆயினும் அழுகிய முட்டையைப் போன்ற அந்த வாடை, அச்சேற்றினுள் காற்று இல்லை என்பதற்கு அடையாளமும் ஆகும். பிராணவாயு இல்லாத இடத்தில் கடல்நீரின் கந்தக உப்பைக் கொண்டு வாழும் நுண்ணுயிர்கள் விடும் மூச்சு அது. அவை மெதுவாகவே உண்பன. மீதேன் உண்டாக்கும் உயிர்களையும் பெரும்பாலும் தலையெடுக்க விடுவதில்லை.

வடக்கே குளிர்ப்பெட்டி; நம் வாசலிலோ ஊறுகாய்ச் சாடி! உப்பிட்டு, மேலே எண்ணெய் மிதக்க, காற்றுப் புகாமல் வைத்த மாங்காய் ஆண்டுக்கணக்கில் கெடாதிருப்பதைப் போலவே, கண்டலின் இலையும் வேரும் உப்புச் சேற்றில் புதைந்து நூற்றாண்டுக்கணக்கில் அழுகாமல் கிடக்கின்றன. இந்தியப் பெருங்கடல், பசிபிக் கரைகளின் கண்டல் காடுகளை அளந்து 2011இல் வெளியான ஆய்வொன்று, ஒரு ஹெக்டேரில் சராசரியாக ஆயிரம் டன்னுக்கு மேல் கரி உண்டெனக் கண்டது. அதில் பெரும்பங்கு மரத்தில் அன்று, மண்ணில். மரத்தை வெட்டிச் சேற்றை வடித்து உலர்த்தினால் சாடியின் மூடி திறந்தவாறே. ஒரு டன் கரி காற்றோடு கூடும்போது மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவாகிறது. உறைமண் இளகுவதற்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றே: அங்கே மூடியைத் திறப்பது வெப்பம், இங்கே திறப்பது நம் மண்வெட்டி.

கண்டலை அழிக்கலாகாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2005இல் ஆணையிட்டது. 2015இல் இக்கழியின் ஒரு பகுதி பூநாரைப் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. 2022இல் உலகச் சிறப்புமிக்க ஈரநிலங்களின் பட்டியலில் தாணேக் கழி இடம்பெற்றது. அதே ஆண்டில் நம் பிச்சாவரமும் அப்பட்டியலில் ஏறியது.

இவற்றையெல்லாம் தொலைபேசியில் அண்ணாச்சியிடம் விரித்துரைத்தேன். அவர் சிறிதுநேரம் பேசவில்லை. பின்னர் சொன்னார்:

“தம்பி, தாராவியும் சேறாகக் கிடந்த இடம்தானே? குப்பையும் மண்ணும் கொட்டி, எங்கள் அப்பன்மார் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கினார்கள். அப்போது யாரும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. இப்போது எங்களில் பாதிப்பேருக்குத் தகுதி இல்லை, உப்பளத்துக்குப் போ என்கிறார்கள். நீயோ உப்பளத்தையும் தொடாதே என்கிறாய். நாங்கள் எங்கே போவது?”

அவர் குறித்தது இது: தாராவிச் சீரமைப்பில், அவ்விடத்திலேயே வீடு பெறத் தகுதியற்றோர் என வகுக்கப்பட்டவர்க்கு வாடகைக் குடியிருப்புக் கட்ட, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு ஆகிய இடங்களில் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தை ஒதுக்க மாநில அமைச்சரவை 2024இல் முடிவு செய்தது. இவ்வுப்பளங்கள் இதே தாணேக் கழியை ஒட்டியவை.

நேர்மையாகச் சொல்வதானால் உப்பளம் கண்டற்காடு அன்று. அங்கே மரங்களின் கரிச்சேமிப்பு அவ்வளவு இராது. தூத்துக்குடிப் பக்கத்தார் அதை நன்கு அறிவர். ஆனால் கனமழையும் கடலேற்றமும் ஒருசேர வரும் நாளில் நீர் போய் நிற்கும் பள்ளம் அது. 2005 சூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அப்போது நான் பள்ளி மாணவன். இருப்புப்பாதைத் தொழிலாளியான என் தந்தை மறுநாள் பிற்பகலில்தான், மார்பளவு நீரில் நடந்து வீடு சேர்ந்தார். அன்னை இரவெல்லாம் விளக்கை அணைக்கவில்லை. வெப்பமேறிய காற்று மிகுந்த நீராவியைச் சுமக்கும், கடல்மட்டமும் உயர்ந்துவருகிறது. அத்தகைய நாளில் நீருக்குரிய பள்ளத்தில் குடிவைக்கப்பட்டிருப்போர் யாராக இருப்பர் என்பதே என் அச்சம்.

ஆகவே அண்ணாச்சியின் வினாவிற்கு என் கருத்தை ஒளியாமல் கூறுகிறேன்: தாராவி மக்களுக்குத் தாராவியிலேயே, தொழிலும் பள்ளியும் உள்ள இடத்திலேயே வீடு அமைதல் வேண்டும். சேற்றைக் காக்கும் பேச்சு ஏழையை விரட்டும் பேச்சாக மாறினால் அதில் எனக்கு உடன்பாடில்லை. இதைக் கூறும் நானும் தூயவன் அல்லேன். 1970இல் நவி மும்பைக்கென ஒரு கழகம் நிறுவப்பட்ட பின், கழியோரத் தாழ்நிலத்தை மேடாக்கி எழுப்பிய பகுதிகளுள் ஒன்றில்தான் என் வாடகை வீடும் இருக்கிறது. மாடியில் நின்று கண்டல் மரங்களைப் பார்த்து மகிழ்பவன், தன் காலடியில் இருந்த கண்டல் எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. நானும் இவ்வளவு காலம் கேட்டதில்லை.

அண்ணாச்சி இதற்கு முழுதும் இணங்கவில்லை. “நீ எழுதினால் வீடு வந்துவிடுமா?” என்றார். வராது என்றேன். ஆயினும் அந்தச் சேற்றை அருகிருந்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆவல் பிறந்திருக்கிறது. ஐரோலியில் வனத்துறையைச் சார்ந்த கடலோர உயிரின மையம் ஒன்று உள்ளது. பூநாரைகள் வரும் பருவத்தில், நீரேற்றம் பார்த்து, அங்கிருந்து கழிக்குள் படகு விடுகின்றனர். வரும் மாதத்தில் ஒரு ஞாயிறன்று அவரையும் அவர் பேரப்பிள்ளைகள் இருவரையும் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். உடன்வர விரும்பும் குடும்பத்தார் சங்கச் செயலரிடம் முன்கூட்டியே பெயர் கொடுத்தால், படகில் இடம் கேட்டு வைக்கலாம். குழந்தைகளுக்குத் தொப்பியும் குடிநீரும் மறவாமல் கொண்டுவருக.