கடைசி பெஞ்சுப் பெண் பேசட்டும்!

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

“பொன்னியின் செல்வன்” 1950-ல் தொடங்கி 1954-ல் முடிந்தது. கதையை இப்படி முடிக்கலாமா என்று வாசகர்கள் கல்கியிடம் சண்டை பிடித்தார்கள். அவரும் முடிவுரை எழுதிச் சமாதானம் சொன்னார். அந்தக் கொலை வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை!

இப்போது அந்தச் சர்ச்சை வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டது. நாவலைப் பற்றி மாணவர்கள் பேசுவதற்கென்றே கல்லூரி ஆசிரியர்கள் குழு தொடங்குகிறார்கள். “போனில் என்ன பாடம்?” என்று பெற்றோர் கோபிக்கிறார்கள். கோபம் வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம்.

ஒரு மணி நேர வகுப்பில் பேசுகிறவர்கள் நாலு பேர். அவர்களும் முன் பெஞ்சுக்காரர்கள். கடைசி பெஞ்சுப் பெண் வாய் திறப்பதில்லை. அவள்தான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுகிறாள்: “நந்தினி கெட்டவள் என்கிறீர்கள். அவள் காலில் விழுந்து கெஞ்சியும் வீரபாண்டியன் தலையை வெட்டியது யார்?” வகுப்பே பதில் தேடிப் புத்தகத்தைப் புரட்டுகிறது. இதைவிட ஆசிரியருக்கு என்ன வேண்டும்?

புத்தகத்தைத் தொடாமல், 2022-லும் 2023-லும் வந்த படத்தைப் பார்த்துவிட்டு எழுதும் சூரர்களும் உண்டு. எந்த அத்தியாயம் என்று கேட்டால் அடங்கிவிடுவார்கள்.

அடங்காத ஆபத்து வேறு. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த பெண்ணின் எண் அத்தனை பேருக்கும் தெரியும். நந்தினியைப் பற்றி எழுதியவளுக்கு நள்ளிரவில் வேண்டாத செய்தி வந்தால்? அவள் மறுபடி ஊமையாகிவிடுவாள். வீட்டில் போனைப் பிடுங்குவார்கள். படிப்பையே நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். எவனோ செய்த தப்புக்கு அவளுக்குத் தண்டனை! ஆகவே, போன் எண் வெளியே தெரியாத கூகுள் கிளாஸ்ரூம் போன்ற ஏற்பாட்டை ஆசிரியர் தேர்ந்தெடுக்க வேண்டும். தொல்லை கொடுப்பவனை உடனே கண்டிக்கவும் வேண்டும்.

வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பாவின் சட்டைப் பையில் என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? 2020-ல் கொரோனாவால் வகுப்புகள் மூடியபோது இந்தக் கஷ்டத்தைக் கண்ணால் கண்டோம். அவர்கள் காகிதத்தில் எழுதிக் கொடுக்கட்டும். ஆசிரியர் அதைப் படம் எடுத்துக் குழுவில் போடட்டும். ஐந்து நிமிஷ வேலை. மறுநாள் வகுப்பில் அந்தக் காகிதத்தை முதலில் எடுத்துப் பேசட்டும்.