மூன்றாவது அட்டைக்கு முன்

அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார், கடலுக்குப் போகிற மனுசன். "காஸ்ட்ரிக்குப் பத்துக் குளிசை தா தம்பி." நானும் ஒமிப்ரசோல் அட்டை ஒன்றை எடுத்து நீட்டுவேன். ஏழெட்டு மாதம் இப்படியே போனது. சாரம் இடுப்பில் நிற்காமல் அவர் மடித்து மடித்துக் கட்டியதைக் கண்டேன். கேட்கவில்லை. கடைசியில் கமரா விட்டுப் பார்த்தபோது இரைப்பையில் புற்றுநோய், ஈரலுக்கும் போயிருந்தது. அவருடைய தகப்பனும் வயிற்றில் கட்டி வந்துதான் இறந்தவர் என்பதை நான் அறிந்தது செத்தவீட்டில்.

இருபது வருடம் பாமசி மேசைக்குப் பின்னால் நின்றவனுக்கு இது வெட்கம்.

ஜப்பானில் இந்த நோய் அதிகம். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கமரா பரிசோதனை உண்டு. நமக்கு அது தேவையில்லை. இலங்கையில் இரைப்பைப் புற்றுநோய் ஒப்பீட்டளவில் குறைவு. ஆண்களைக் கூடுதலாகப் பிடிப்பது வாய்ப் புற்றுநோய். நெஞ்செரிவுக்காரர் எல்லோரையும் கமராவுக்கு அனுப்பினால், உண்மையில் தேவைப்படுகிறவர் வரிசையின் கடைசியில் நிற்பார். ஆகவே ஆளைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு மெசின் வேண்டாம், வாய் போதும்.

முதல் கேள்வி குடும்பம். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. பிறகு புகை. பிறகு உப்பு. கருவாட்டைப் பற்றிப் பேசினால் எங்கள் திருகோணமலையில் அடி விழும். நானும் கருவாட்டுக் குழம்புக்காரன்தான். இடைக்கிடை தின்பதைச் சொல்லவில்லை. வருடக்கணக்காக உப்பில் ஊறிய சாப்பாடே இரைப்பையின் உட்சுவரைப் புண்படுத்துகிறது. பிறகு கிருமி. இரைப்பையில் தங்கும் ஹெலிகோபாக்டர் பைலோரியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994இல் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்தது. பயப்பட வேண்டாம், கிருமி உள்ள நூறு பேரில் ஒருவர் முதல் மூவருக்கே புற்றுநோய் வருகிறது. மருந்தால் அதை அழிக்கவும் முடியும்.

காரணமின்றி மெலிவது, விழுங்கக் கஷ்டம், ஓயாத வாந்தி, இரத்தச்சோகை, தார் போலக் கறுத்த மலம் (இரும்புக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும், அதையும் கேட்க வேண்டும்): இவை வேறு கணக்கு. இவர்கள் அந்தக் கிழமையே டொக்டரிடம் போக வேண்டியவர்கள், தார் போன்ற மலம் என்றால் அன்றே.

நான் விற்ற குளிசையில் ஒரு வில்லங்கம் உண்டு. எரிவைத் தணிப்பதோடு, புற்றுப் புண்ணையே கொஞ்ச நாள் ஆறினதுபோலக் காட்டிவிடும். கிருமிப் பரிசோதனையையும் பொய்யாக்கும். அதனால்தான் இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள்.

இப்போது டொக்டரின் துண்டில்லாமல் மூன்றாவது அட்டை கேட்பவரை மேசையோரம் நிறுத்திக் கேட்கிறேன். சிலர் சினக்கிறார்கள். மற்றப் பாமசிக்காரரும் கேளுங்கள். வாங்க வருகிறவர்களே, உங்கள் தாய் தகப்பன் எந்த நோயில் போனார்கள் என்பதை நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்.