படி தாண்டாப் பத்தினி

ஸ்ரீரங்கத்துத் தாயாருக்குப் "படி தாண்டாப் பத்தினி" என்று பெயர். ஆனால் ரங்கநாதர் உறையூர் நாச்சியாரிடம் போய் வந்தார் என்பதற்காக, பங்குனி உத்திரத்தன்று அந்தப் பத்தினியே கதவைச் சாத்திக்கொள்வதாகவும், மட்டையடி கொடுப்பதாகவும், நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்வதாகவும் வருஷந்தோறும் உற்சவம் நடக்கின்றது. பக்தகோடிகள் கண்டு களிக்கின்றார்கள். அதே வீதியில் குடியிருக்கும் ஒரு பெண், அடித்த புருஷனுக்கு எதிரே கதவைச் சாத்தினால் அவளுக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் புருஷனிடம் அடியோ பலாத்காரமோ பட்டவர்கள் என்று 2019-21ல் சர்க்கார் எடுத்த குடும்ப நலக் கணக்கே சொல்லுகின்றது. இந்தியா முழுதும் இப்படிப்பட்டவர்களில் உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர் மாத்திரமே. மற்றவர்கள் வாயை அடைத்தது எது? தலையெழுத்தும், "கல்லானாலும் கணவன்" என்பதும், "அனுசரித்துப் போ" என்கின்ற தாய்வீட்டுப் புத்திமதியும் அல்லவா?

நிற்க. அடி விழுந்தால்தான் கொடுமை என்று பலர் நினைக்கின்றார்கள். 2005ம் வருஷத்துச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அவள் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்ளுவது, நகையை அடகு வைப்பது, செலவுக்குக் காசு தராமல் இருப்பது, மலடி என்று ஏசுவது, சம்மதமில்லாமல் தொடுவது எல்லாம் கொடுமைதான். வீடு மாமனார் பேரில் இருந்தாலும், அவள் புருஷனோடு அங்கே குடித்தனம் செய்திருந்தால், சட்டப்படி அல்லாமல் அவளை வெளியே தள்ள யாருக்கும் அதிகாரமில்லை. "என் வீட்டை விட்டுப் போடி" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு, வீட்டில் குழம்பு ஆறிவிட்டதற்காகத் தட்டை வீசும் தோழர்களும் நம்மில் இல்லாமலில்லை. 1929ல் செங்கற்பட்டில் செய்த தீர்மானம் அவர்கள் வீட்டு நடையைத் தாண்டவில்லை போலும்!

சரி, பெண் எங்கே போவது? 181 என்ற எண்ணுக்கு இனாமாக, நடுராத்திரியிலும் பேசலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கின்றார். மனுவை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் கடமை. ஸ்ரீரங்கத்திலேயே மகளிர் போலீஸ் ஸ்டேஷன் உண்டு. சட்டப்பணி ஆணைக்குழு, வருமானம் பார்க்காமல் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். "சமாதானமாய்ப் போங்கள்" என்று போலீசார் திருப்பியனுப்பினால், நேரே மாஜிஸ்திரேட்டிடம் போகத் தடையில்லை. காயத்தை ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும். நகைச் சீட்டையும் குழந்தைகளின் தஸ்தாவேஜுகளையும் நம்பகமான ஒருவரிடம் முன்னமே கொடுத்து வைக்கட்டும்.

பக்கத்து வீட்டில் அலறல் கேட்டும் "புருஷன் பெண்சாதி சங்கதி" என்று விளக்கை அணைத்துப் படுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுப்பவர்மேல் வழக்குப் போட முடியாதென்று அதே சட்டம் சொல்லுகின்றது.