பூ ஊரில் புட்டி மல்லிகை

எங்கள் கீரமங்கலத்தின் பெயரை நக்கீரரோடு சேர்த்துச் சொல்வார்கள். மெய்நின்றநாதர் கோயிலில் சிவனுக்கு மட்டுமல்ல, அவருக்கும் சிலை உண்டு. பெண்ணின் கூந்தல் மணம் இயற்கையா, பூவால் வந்ததா என்று சாமியிடமே வழக்காடியவர். அந்தத் தைரியத்தில் நானும் ஒரு வாசனை வழக்கை எழுதுகிறேன். எதிராளி, எங்கள் தெருப் பெண்களுக்கு மெழுகுவர்த்தி செய்யச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன ஒரு பயிற்சியாளர்.

ஒரே நாள் பயிற்சி. பூ விளைகிற ஊர், மல்லிகை மெழுகுவர்த்தி என்று எழுதினால் பறந்து போகும் என்றாராம். வாசனை போதவில்லையே என்று கேட்டவர்களுக்கு ஒரே மந்திரம்: "இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊத்துங்க." பக்கத்து வீட்டுப் பெண் குழுக் கடனில் பத்தாயிரம் ரூபாய் போட்டு நாற்பது கண்ணாடி டம்ளர் ஊற்றினார். சித்திரை வெயிலில் மெழுகின் மேல் எண்ணெய் வியர்த்து நின்றது. ஏற்றினால் திரி சிணுங்கியது, புகை வந்தது, மல்லிகை வரவில்லை. "பூவையே போட்டா என்னங்கய்யா?" என்று உதிரிப் பூவைக் கொதிக்கும் மெழுகில் போட்டுப் பார்த்தார். பூவில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். மெழுகோடு அது எப்படிச் சேரும்? பழுப்பாகச் சுருண்டு அடியில் கிடந்தது.

குமாஸ்தா புத்தி, விடவில்லை. படித்தேன், அவரோடு உட்கார்ந்து செய்தும் பார்த்தேன். மெழுகு ஓரளவுக்கு மேல் எண்ணெயைப் பிடித்துவைக்காது. பாரஃபின் என்றால் கிலோவுக்கு 60 முதல் 100 கிராம் வரைதான். மூடியால் அளக்கக் கூடாது, தராசில் நிறுக்க வேண்டும். மிஞ்சிய எண்ணெய் வெளியே கசியும், திரியை அடைக்கும். உருகியதும் அடுப்பிலிருந்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்தபின் எண்ணெய் விட்டு இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்க வேண்டும். கொதிப்பில் விட்டால் வாசனை சமையலறையோடு போய்விடும். ஊற்றிய அன்றே ஏற்றிப் பார்ப்பதும் தப்பு. பாரஃபினுக்குச் சில நாள், சோயா மெழுகுக்கு இரண்டு வாரம் ஊறல் வேண்டும்.

எல்லாவற்றையும்விடத் திரி. வாசனை தீயிலிருந்து வருவதில்லை. தீயைச் சுற்றி உருகி நிற்கிறதே, அந்தக் குளத்திலிருந்து வருகிறது. அகன்ற டம்ளரில் மெல்லிய திரி போட்டால் நடுவில் கிணறு தோண்டிக்கொண்டு இறங்கும். சுற்றிலும் உள்ள மெழுகு உருகவே உருகாது. எண்ணெயை இரட்டிப்பாக்கி என்ன பயன்? திரியை மாற்றிய அன்று எங்கள் முன்னறை மணத்தது. (மின்விசிறியை நிறுத்தியபின்.) இதைச் சொல்லித்தர அரைமணி போதும். சொல்லித்தராமல் போனதற்கு எண்ணெய் விற்பனைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எண்ணெய்ப் புட்டிகளை விற்றவரும் அவரே.

என் பெரிய கோபம் வேறு. அந்தப் புட்டியில் மல்லிகை இல்லை, ரசாயனக் கலவை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அந்த விலைக்கு வேறென்ன கிடைக்கும்? பூ விவசாயிக்கு இதுதான் விடிவு என்று மேடையில் பேசியதுதான் பொய். நாற்பது டம்ளருக்கும் கொத்தமங்கலத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பூகூடப் போகவில்லை.

காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் கிராஸ் என்ற ஊரைப் பற்றி ஒரு பாடம் உண்டு. பிரான்சின் தெற்கே, வாசனைத் திரவியத்துக்குப் பெயர்போன ஊர். கண்ணாடிப் பலகையில் கொழுப்பைத் தடவி, அதன்மேல் மல்லிகையைப் பரப்பி, தினமும் பழம்பூவை எடுத்துப் புதுப்பூ வைப்பார்கள். வாரக் கணக்கில் இப்படி. 'ஆன்ஃப்ளராஜ்' என்று வாத்தியார் எங்களை மூக்கால் சொல்லச் சொல்வார். பறித்தபின்னும் மணம் விட்டுக்கொண்டே இருக்கும் பூ மல்லிகை. ரோஜாவைப்போல ஆவியில் வடித்தால் கெட்டுவிடும். இன்று ஹெக்சேன் போன்ற கரைப்பானில் எடுக்கிறார்கள். ஒரு கிலோ சுத்தச் சாரத்துக்கு ஏறக்குறைய 700 முதல் 1,000 கிலோ பூ. அது டம்ளரில் ஊற்றுகிற சரக்கல்ல. அத்தனை பூவை விழுங்குகிற ஆலைக்கான சரக்கு. கோவை, சத்தியமங்கலம் பக்கம் அப்படி ஆலைகள் இருக்கின்றன.

இங்கே ஒரு வாசனைத் தொழிற்சாலை வேண்டும் என்று விவசாயிகள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். முகூர்த்தமில்லாத நாட்களில் விலை சரிந்து பூவைக் குப்பையில் கொட்டியதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2020 ஊரடங்கில் பறிக்கவே ஆளில்லை. ஆலை கேட்டவர்களுக்கு மெழுகுவர்த்திப் பயிற்சியைக் காட்டுவது என்ன நியாயம்?

பக்கத்து வீட்டுப் பெண் நாற்பதையும் உருக்கி, புது மெழுகு சேர்த்து, திரி மாற்றி ஊற்றிவிட்டார். சீட்டில் 'மல்லிகை வாசனை எண்ணெய் சேர்த்தது' என்றுதான் எழுதியிருக்கிறார், நான் சொல்லாமலே. இதுவரை பதினொன்று விற்றிருக்கிறது. ஆலைக்கான மனுவை மறுபடி எழுத யாராவது முன்வந்தால் வாசகம் நான் போட்டுத் தருகிறேன். முப்பது வருஷம் அதைத்தானே செய்தேன்.