விடுமுறையில் கோலாலம்பூர்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போனால், கடைத்தெருவோடு திரும்பிவிடாதீர்கள்.

வெயில் ஏறுமுன் பத்துமலைக்குப் போங்கள். 2006-இல் எழுந்த 140 அடி முருகன் சிலையைக் கண்டு, 272 படிகளையும் பிள்ளைகளே எண்ணி ஏறட்டும். அங்கிருந்து ரயிலேறி, 1910-இல் கட்டிய பழைய ரயில் நிலையத்தில் இறங்குங்கள். இந்நாட்டில் தண்டவாளம் போட்டவர்களில் நம் முன்னோரும் உண்டு என்று அங்கேயே சொல்லுங்கள். அடுத்து, 1963-இல் திறந்த தேசிய அருங்காட்சியகம். பிறகு, பக்கத்து ஏரிப் பூங்காவில் கட்டுச்சோற்றை அவிழுங்கள்.

வீடு திரும்பியதும் கண்டதை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தலைநகரம் தனக்கும் உரியது என்றறிந்த பிள்ளை, நாளை அங்கே படிக்கப் போகும்போது கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்காது.