கோலப்பொடி சொன்ன கணக்கு

வயதான அப்பா அம்மாவுக்காக ஒரு முதியோர் குடியிருப்பில் வீடு பார்க்கப் போகிறோம். லிஃப்ட் இருக்கிறதா, குளியலறையில் கைப்பிடி உண்டா, தரை வழுக்குமா, டாக்டர் வீடு எவ்வளவு தூரம் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. "அம்மாவைப் பார்க்க நான் வந்தால் வண்டியை எங்கே நிறுத்துவது?"

இதுவும் ஒரு கேள்வியா என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. சென்னை மேற்கு மாம்பலத்துப் பக்கம் ஒரு சந்தில் அப்படி ஒரு குடியிருப்பு இருக்கிறது. பெயரைச் சொன்னால் அங்குள்ளவர்கள் என்னோடு பேச மாட்டார்கள், ஆகையால் வேண்டாம். 30 வீடுகள். கீழ்த்தளத்தில் கார் நிறுத்த 18 இடங்கள். பதினெட்டிலும் பதினெட்டுக் கார்கள். அம்மாவுக்குப் பிடிக்குமே என்று ரசமும் கூட்டும் பண்ணி எடுத்துக்கொண்டு வந்த ஒரு பெண், அரை மணி நேரம் தெருத் தெருவாகச் சுற்றிவிட்டு, டிபன் காரியரைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். மாடியில் ஜன்னல் ஓரம் காத்திருந்த தாயாருக்குக் காரியர்தான் வந்தது; மகள் வரவில்லை. நிறுத்த இடம் இல்லாவிட்டால் குறைவது வண்டிகள் அல்ல, வருகிற மனிதர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒரு மழைக்கால இரவில் நடந்தது. இரண்டாவது மாடியில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. 108-க்குச் சொல்லி ஆம்புலன்ஸும் வந்துவிட்டது. ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு யாரோ விருந்தாளியின் கார்! எந்த வீட்டு விருந்தாளி என்று காவலாளிக்குத் தெரியாது. ஸ்ட்ரெச்சரைத் தெருவிலிருந்து தூக்கி வந்து, அதில் பெரியவரைப் படுக்க வைத்து, மழையிலேயே தூக்கிப் போனார்கள். நல்ல காலம், பிழைத்தார். ஆனால் அன்று முதல் அங்கே யாருக்கும் சரியாகத் தூக்கம் வரவில்லை.

கமிட்டிக் கூட்டம் கூடிற்று. ஒருவர், "பக்கத்து மனையை வாடகைக்கு எடுக்கலாம்" என்றார். இன்னொருவர், "தோட்டத்தை வெட்டிவிடலாம்" என்றார். தணிக்கை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற செக்ரட்டரி ஸார், இரண்டுக்கும் ஆகும் செலவைக் கணக்குப் போட்டு எல்லோரையும் பயமுறுத்தினார். அப்போதுதான் முதல் மாடி டீச்சரம்மா எழுந்து, "இடம் போதலையா, இல்லே இடம் தூங்குதான்னு முதல்ல பார்க்கலாமே ஸார்!" என்றார்.

அவர் சொன்ன உபாயம் ரொம்ப எளிமையானது. திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு காரின் முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கோலப்பொடியால் ஒரு சின்னக் கோடு. ஒரு வாரம் அங்கே பெருக்கக் கூடாது. கார் அசைந்தால் கோடு அழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலை டீச்சரம்மாவும் செக்ரட்டரி ஸாரும் நோட்டுப் புத்தகத்தோடு இறங்கிப் பார்த்தார்கள். பதினெட்டில் ஏழு கார்களுக்கு முன்னால் கோடு போட்டது போட்டபடி இருந்தது!

இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர், இலவசமாகக் கார் நிறுத்துவதற்கு ஊர் கொடுக்கும் விலையைப் பற்றி 2005-ல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். கார் என்பது தன் ஆயுளில் சுமார் 95 சதவீத நேரம் சும்மா நிற்கும் சாமான் என்பது அவர் கணக்கு.

அந்த ஏழு கார்களில் மூன்று, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுடையவை. மார்கழியில் வந்தால் ஓட்டுவார்களாம்! ஒன்று பழுதாகி மெக்கானிக்கை எதிர்பார்த்து நிற்பது. இரண்டு, கண் பார்வை மங்கி ஓட்டுவதை நிறுத்திவிட்ட பெரியவர்களுடையவை. ஏழாவது, மூன்றாவது மாடி அம்மாளின் காலஞ்சென்ற கணவர் ஓட்டிய கார். வாரம் ஒரு முறை அந்த அம்மாள் இறங்கி வந்து, தன் கையாலேயே அதைத் துடைப்பார்.

இங்கேதான் சண்டை பிறந்திருக்க வேண்டும். "காசு கொடுத்து வாங்கிய இடம்" என்று ஒருவர் ஆரம்பிக்கவும் செய்தார். சட்டம் என்ன சொல்கிறது? மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு வழக்கில், தூண்களுக்கு நடுவே உள்ள கார் நிறுத்துமிடத்தைக் கட்டடக்காரர் தனியாக விற்க முடியாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டமும், மேலே கூரையும் மூன்று பக்கம் சுவரும் உள்ளதைத்தான் கராஜ் என்கிறது. திறந்தவெளி நிறுத்துமிடத்தை எல்லோருக்கும் பொதுவான இடங்களோடு சேர்க்கிறது. ஆகவே உங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். ஆனால் டீச்சரம்மா பத்திரத்தை எடுக்கவில்லை. "சட்டம் பேசினா இடம் கிடைக்கும், பக்கத்து வீடு கிடைக்காது" என்றுவிட்டார்.

ஓட்டுவதை நிறுத்திய இரண்டு பெரியவர்களும் ஏன் காரை விற்கவில்லை? கார் கீழே நிற்கிறது என்பதே ஒரு தைரியம். ராத்திரி ஏதாவது என்றால்? அந்த ராத்திரியில் ஓட்டப் போவது யார் என்று கேட்டால் பதில் இல்லை; பயம் மட்டும் இருக்கிறது. சட்டப்படி 55 வயதுக்கு மேல் லைசென்ஸை 5 வருஷத்துக்கு ஒரு முறை, டாக்டர் சர்டிபிகேட்டோடு புதுப்பிக்க வேண்டும். கண் அந்த 5 வருஷம் காத்திருக்குமா?

உங்கள் தகப்பனாரிடம் இதைப் பேசும்போது, "உங்களுக்கு வயசாயிடுத்து, சாவியைக் கொடுங்கள்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். சாவியைக் கேட்பதற்கு முன்னால் சவாரிக்கு ஏற்பாடு செய்யுங்கள். அந்தக் குடியிருப்பில் அப்படித்தான் செய்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆட்டோக்காரர் காலை வேளையில் வாசலில் நிற்க ஒப்புக்கொண்டார். கூப்பிட்டால் வந்து கார் ஓட்டித் தரும் டிரைவர்கள் இரண்டு பேரின் நம்பர் லிஃப்டுக்குள் ஒட்டப்பட்டது. சென்னையில் 60 வயதானவர்களுக்கு மாதம் 10 பஸ் டோக்கன் இலவசமாகத் தரும் திட்டம் 2016-ல் தொடங்கியதே, அதற்கு விண்ணப்பிக்காதவர்களை விண்ணப்பிக்க வைத்தார்கள். இரண்டு மாதத்தில் அந்தப் பெரியவர்கள் இருவரும் தாங்களாகவே கார்களை விற்றுவிட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் மூவரில் இருவர், "விற்றுவிடுங்கள், வந்தால் வாடகைக் கார் எடுத்துக்கொள்கிறோம்" என்று எழுதினார்கள். பழுதான கார் மெக்கானிக்கிடம் போனது. போன இடத்திலேயே விலையும் போயிற்று.

ஆக, ஐந்து இடம் மிச்சம். அதை எப்படிப் பங்கிட்டார்கள் என்று கேளுங்கள். வாசலுக்கு நேரே ஓர் இடம் எப்போதும் காலி. ஆம்புலன்ஸுக்கும், ஆட்களை ஏற்றி இறக்கவும் மட்டும். லிஃப்டை ஒட்டிய மூன்று இடங்களை இரண்டு அகலமான இடங்களாக மாற்றினார்கள். சாதாரணமாக ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம் போதும். சக்கர நாற்காலிக்காரருக்கோ கதவை முழுவதும் திறக்க 3.6 மீட்டர் வேண்டும். அந்த இரண்டும் வீட்டு நம்பரைப் பார்த்துத் தருவதில்லை, முழங்காலைப் பார்த்துத் தருவது. வருஷா வருஷம் புதிதாகத் தீர்மானிப்பார்கள். ஒரு கார் இடத்தில் நர்ஸுகளும் சமையல்கார அம்மாக்களும் ஐந்து ஸ்கூட்டர்களை வரிசையாக நிறுத்திக்கொள்கிறார்கள். பாக்கி இரண்டு இடமும் பார்க்க வருகிறவர்களுக்கு. வருகிற காரின் கண்ணாடியில் வீட்டு நம்பரும் டெலிபோன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்க வேண்டும் என்பது கண்டிப்பு.

மூன்றாவது மாடி அம்மாளின் கார் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? அதை விற்கும்படி யாரும் சொல்லவில்லை. டீச்சரம்மா சொல்லவிடவில்லை. எல்லா இடத்தையும் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. அது அங்கேயே இருக்கிறது, பளபளவென்று.

நீங்கள் அடுத்த முறை பெற்றோரைப் பார்க்கப் போகும்போது, லிஃப்டில் ஏறுவதற்கு முன் கீழ்த்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். உறை போட்டு, தூசி படிந்து நிற்கும் கார்களை எண்ணுங்கள். வாசல் வழியே ஓர் ஆம்புலன்ஸ் நுழைய முடியுமா என்று பாருங்கள். பிறகு மாடிக்குப் போய், அம்மா கொடுக்கும் காப்பியைக் குடித்துக்கொண்டே பேச்சை எடுங்கள். கூட்டம், மகஜர், வக்கீல் நோட்டீஸ் எல்லாம் அப்புறம். முதல் செலவு ஒரு பிடி கோலப்பொடிதான்!